காதுக்குள் கேட்ட குரலும் ஒரு ஜரிகை வியாபாரியும்



"டிப்ளமோ படிக்கிறவனுக்குக் கதை, கவிதை எதுக்குடா? முதல்ல அரியரை கிளியர் பண்ணு!" இந்த அறிவுரையைக் கேட்காதவர் நம்மில் யார்? வீட்டில் சொல்கிறார்கள், தெருவில் சொல்கிறார்கள், பக்கத்து பெஞ்சுக்காரனே சொல்கிறான். எழுத்து என்பது வயிறு நிறைந்தவன் வேலை, குடும்பக் கவலை இல்லாதவன் வேலை என்று ஒரு நினைப்பு. தறிக்காரன் வீட்டுப் பையனுக்கு அது ஆகவே ஆகாதாம்! 1909-ல் இதே சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா எத்தனை கதை, எத்தனை நாடகம் எழுதினார் என்பது, அவர் நினைவு இல்லத்து வாசல் வழியாகத் தினமும் போகிறவர்களுக்கே மறந்துவிட்டது. அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி.

எம்.வி. வெங்கட்ராம். கும்பகோணத்துக்காரர். 1920-ல் சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர். பதினாறு வயதிலேயே 'மணிக்கொடி'யில் கதை வந்துவிட்டது. நம்மைவிடச் சின்னப் பையன்! தி.ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு எல்லாம் நெருங்கிய நண்பர்கள். ஆனால் தொழில் என்னவோ பட்டு ஜரிகை வியாபாரம். அவருடைய 'வேள்வித் தீ' நாவலைப் படித்தால் தறிமேடையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். நம்ம ஊரில் எழுத வேண்டியதை அவர் கும்பகோணத்தில் எழுதிவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

வியாபாரம் நொடித்துப் போனது. வீட்டிலோ பெரிய குடும்பம். பிழைப்புக்காகப் பதிப்பகங்களுக்கு வாழ்க்கை வரலாற்று நூல்களை எழுதிக் குவித்தார். இன்று வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது கஷ்டம் என்கிறோம். அவருக்கு எழுதுவதே கூலி வேலையும் ஆகிவிட்டது, அதற்குள்ளேயே தன் எழுத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. இது போதாதென்று இன்னொரு தொல்லை. காதுக்குள் குரல்கள்! வெளியே யாரும் பேசவில்லை. உள்ளே பேசுகிறது, திட்டுகிறது, மிரட்டுகிறது, காது கூசும்படி ஆபாசம் பேசுகிறது. ஒருநாள் இருநாள் அல்ல, பல வருஷம். அந்த வேதனையைத்தான் மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி 'காதுகள்' நாவலாக எழுதினார். மகாலிங்கம் மனைவி மக்களோடு குடும்பம் நடத்துகிறவன், முருக பக்தன். சாமி கும்பிட உட்கார்ந்தாலும் குரல் விடாது. நாவல் 1992-ல் வெளிவந்தது. 1993-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தபோது அவருக்கு எழுபத்துமூன்று வயது.

இந்தப் புத்தகத்தை நான் ஏன் மூன்று முறை படித்தேன் என்று சொல்ல வேண்டும். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கோர்வைச் சேலை நெய்கிறவர். கூட ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தந்தால்தான் கோர்வை நடக்கும். எங்க வீட்டில் அந்த ஆள் அம்மா. 2020 ஊரடங்கில் பாவு வரவில்லை, தறி நின்றது. கொஞ்ச நாளில் அப்பா ராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். "யார்டா தறி அடிக்கிறது?" என்பார். தெருவே தூங்கிக்கொண்டிருக்கும். மந்திரித்த கயிறு கட்டினோம், கோயில் கோயிலாகப் போனோம். வெளியில் மூச்சு விடவில்லை. அக்கா கல்யாணத்துக்கு இருக்கிறாள் அல்லவா? நம்ம பக்கம் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒரே வார்த்தையில் ஒரு குடும்பத்தையே முடித்துவிடுவார்களே! கடைசியில் அம்மாதான் துணிந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாத்திரை, மாதம் ஒருமுறை டாக்டர். இப்போது அப்பா அரைநாள் நெய்கிறார். சத்தம் குறைந்திருக்கிறது என்கிறார். போய்விட்டது என்று சொல்லவில்லை.

'காதுகள்' படித்தபோது எனக்கு வந்தது பயம் அல்ல. அடேயப்பா, இதை ஒரு மனுஷன் வார்த்தையில் பிடித்து வைத்திருக்கிறானே என்ற ஆச்சரியம்! அதுவரை அப்பாவுக்கு நடந்ததற்கு எங்க வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. 'அது' என்போம், 'அந்த மாதிரி' என்போம். பேர் இல்லாத நோயை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சில பக்கங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவருக்கும் கேட்டுச்சா?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம்தான் தனக்கு என்னென்ன கேட்கிறது என்பதை டாக்டரிடம் முழுசாகச் சொன்னார்.

எழுதினால் மனக்கவலை எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை நம்பவில்லை. நாவல் எழுதினால் காதுக்குள் கேட்கும் குரல் நின்றுவிடும் என்றால் ஆஸ்பத்திரி எதற்கு? எழுத்து செய்வது வேறு காரியம். உள்ளே கேட்பதைக் காகிதத்தில் வைத்துவிட்டால், அதை எட்ட நின்று பார்க்க முடிகிறது, இன்னொருவரிடம் காட்ட முடிகிறது. தூக்கம் போய், மனசு கெட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஹாஸ்டலில் படுத்துக் கிடக்கும் நண்பனுக்கு நோட்டுப் புத்தகம் மட்டும் போதாது. டெலி மானஸ் என்று அரசு உதவி எண் இருக்கிறது, 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எழுத்தாளரைப் புகழ்கிற நாம் அவர் வீட்டு அடுப்பைப் பார்ப்பதில்லை. அவர் எழுதும்போது பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார்? எங்க வீட்டில் நான் இந்தக் கட்டுரை எழுதும் நேரத்துக்குத் தார் சுற்றுவது அக்கா. அக்காவுக்கு எழுத ஆசை இருந்தால் அவளுக்கு யார் சுற்றித் தருவார்கள்? திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் ராத்திரியில் குளியலறைக்குள் போய் எழுதினார். அவருடைய கவிதைகளை வெளியே அனுப்பித் தந்தது அவர் அம்மா. முதல் தொகுப்பு 2000-ல் வந்தது. அந்த அம்மாவுக்கு எந்த அகாதமி பரிசு தரும்?

வீட்டுக்குள் நடந்ததை ஊருக்குச் சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெங்கட்ராம் எழுதியது தன் காதைப் பற்றி. நான் எழுதுவதோ அப்பாவின் காதைப் பற்றி. அதனால் அப்பாவிடம் கேட்டேன். பாவைப் பார்த்தபடியே, "பேர் போடாத. மத்தபடி எழுது" என்றார். அதனால்தான் இதன் கீழே என் பேர் இல்லை.

நம்ம நூலகத்தில் 'காதுகள்' இல்லை, தேடிவிட்டேன். இரண்டு பிரதி வாங்கச் சொல்லி மாணவர் மன்றச் செயலாளரிடம் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் செயலாளரைப் பார்க்கலாம்.