ஆக்சிஜன் கூடினாலும் அலாரம் அடிக்கணும்

எங்க மல்லாங்கிணறு பக்கம் கோடை வந்தா கண்மாய் காய்ஞ்சு வெடிச்சிடும். அந்த மண்ணைத் தோண்டினா நத்தை ஓட்டு வாயை மூடிக்கிட்டு செத்தது மாதிரி கிடக்கும். ஐப்பசி மழை பெஞ்சதும் எழுந்து ஊர ஆரம்பிச்சிடும்.

அந்த எழுந்திரிக்கிற நேரம்தான் ஆபத்து. தூக்கத்துல கம்மியா இருந்த ஆக்சிஜன் பயன்பாடு சட்டுன்னு ஏறும். ஆக்சிஜன்ல ஒரு சின்னப் பங்கு சூப்பர்ஆக்சைடா மாறி செல்லைக் கெடுக்கும். கோடைத்தூக்கம் போடுற ஒரு நில நத்தையைப் பத்தி 1995ல வந்த ஆய்வுப்படி, அதைச் சமாளிக்கிற என்சைம்களை நத்தை தூங்கும்போதே கூட்டி வச்சுக்குது.

எலியும் அப்படித்தான். நேரா 100% ஆக்சிஜன்ல விட்டா பெரும்பாலும் மூணு நாள்ல செத்துடும். ஒரு வாரம் 85%-ல பழக்கிட்டு விட்டா தாங்குது. நுரையீரல்ல அதே என்சைம் கூடியிருக்கும்.

இப்போ மனுஷக் குழந்தைக்கு வருவோம். இந்தப் பாதுகாப்பு கர்ப்பத்தோட கடைசி வாரங்கள்லதான் வலுவாகுது. குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு அந்த அவகாசமே கிடைக்கல. உயிர் பிழைக்க ஆக்சிஜன் வேணும், சந்தேகமில்ல. ஆனா அளவு மீறினா விழித்திரை ரத்தக்குழாய் வளர்ச்சி கெட்டு, பார்வையே போகலாம். 1940, 50கள்ல உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழந்தைங்க இப்படிப் பார்வை இழந்தாங்க. நம்ம தமிழ்நாட்டுலயும் நடந்திருக்கு. 1996ல பிறந்த ஒரு குழந்தைக்குக் கண் பரிசோதனை அவசியம்னு பெற்றோர்கிட்ட சொல்லாததால பார்வை போச்சு. 2015ல உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லுச்சு. பணம் வந்துச்சு, பார்வை வரல.

2021ல சிலிண்டருக்கு அலைஞ்சதைப் பார்த்த நமக்கு ஆக்சிஜன்னா உயிர்னு மட்டும்தான் பதிஞ்சிருக்கு. அதனாலதான் நம்ம புராஜெக்ட்கள்ல அளவு குறைஞ்சா மட்டும் அலாரம் அடிக்குது. என் கருத்து இதுதான்: ஆக்சிஜன் வாங்குற குறைமாசக் குழந்தைக்கு 95%-க்கு மேல செறிவு போனாலும் அது அடிக்கணும். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கிற பிளெண்டர் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகிற விலையில வேணும். பிறந்து 30 நாளுக்குள்ள கண் பரிசோதனைன்னு அம்மா போனுக்குத் தமிழ்ல ஒரு மெசேஜ் போகணும்.

மூணுமே நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஏத்த வேலைதான். இன்னும் தலைப்பு முடிவு பண்ணாதவங்க யோசிங்க.