தச்சர்மீது பழி போடலாமா?

மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரத்தை, வாரம் ஆகுமுன் அறுத்து, திறந்த வெளியில் மேசை செய்யச் சொல்கின்றன சில தோட்ட நிர்வாகங்கள். பலகை வளைந்ததும் தச்சர் கூலியில் பிடித்தம்! இது என்ன நியாயம்?

பச்சை ரப்பர் மரத்தின் ஈரம், காய்ந்த கட்டையின் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல். அது ஏறத்தாழ 30-க்குக் கீழே இறங்கும்போதுதான் கட்டை சுருங்கும். அதாவது, மேசை செய்து முடித்த பிறகு! உளி பிடித்தவர் என்ன செய்வார்? மருந்தேற்றாத பலகையில் சில நாட்களில் நீலம் பூக்கும், வண்டும் துளைக்கும்.

நாம் கேட்பது தங்கமா? ஒரு தகரக் கொட்டகை, தரைபடாமல், இடையே ரீப்பர் வைத்த அடுக்கு, முனைகளுக்குச் சாயம், இரண்டு மூன்று மாத அவகாசம். அப்படியும் நம் நாட்டுக் காற்றில் ஈரம் 15-க்குக் கீழே இறங்குவது அரிது. வீட்டுச் சாமானுக்குச் சூளையில் உலர்த்திய பலகையே சரி. அதை நிர்வாகம் வாங்கித் தரட்டும். அதுவரை தச்சர் கூலியில் ஒரு வெள்ளிகூடப் பிடிக்க நாம் ஒப்போம்.