தோள்வலிக்குப் பட்டை கட்டிப் பயிற்சி

தலைவாரக் கையைத் தூக்க இயலாமலும், பரணிலுள்ள பாத்திரத்தை எட்டி எடுக்க முடியாமலும் அல்லலுறும் தாய்மார் நம் இல்லங்களில் பலர். தோள்மூட்டைச் சூழ்ந்துள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும் நைந்து வலுவிழப்பதே பலருக்கு இவ்வலியின் காரணம். தைலம் வலியைச் சற்றே தணிக்கலாம். தசைக்கு வலுவூட்டுவது பயிற்சியே. இடர்ப்பாடும் இங்குதான். ஒருவர் ஒரே முறை தூக்கவல்ல பேரெடையில் 70 விழுக்காடேனும் தூக்கவேண்டும் என்பது பயிற்சியாளரின் பழைய விதி. நோகும் தோள் அதனைத் தாங்குமா?

இதற்கொரு வழி ஜப்பானிலிருந்து வந்தது. 1966-ஆம் ஆண்டு யோஷியாக்கி சாத்தோ என்ற இளைஞர், புத்த சமய நினைவுச் சடங்கொன்றில் நெடுநேரம் முழந்தாள் மடித்து அமர்ந்திருந்தார். கால்கள் மரத்துக் கெண்டைக்கால்கள் விம்மின. கடும் பயிற்சிக்குப்பின் தோன்றும் உணர்வே அது என அவருக்குப் பட்டது. (நாமுந்தான் எத்தனையோ முறை கால் மரத்து எழுந்திருக்கிறோம், உதறிவிட்டு நடந்தோமேயன்றி வேறொன்றும் எண்ணினோமில்லை!) இரத்த ஓட்டம் தடைப்பட்டதே காரணமென ஊகித்த அவர், தம் உடலிலேயே பல்லாண்டுகள் சோதித்து ஒரு முறையை வகுத்தார்.

அக்குளை ஒட்டி மேற்கையில், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைச் சுற்றிக் காற்றடைப்பர். கைக்குச் செல்லும் இரத்தம் ஓரளவு குறையும். திரும்பும் இரத்தம் பெரிதும் தேங்கும். பிராணவாயு குன்றிய தசைக்குச் சிற்றெடையும் பேரெடையாகிறது. ஆகவே 20 முதல் 30 விழுக்காட்டு எடையே போதும். முதலில் 30 முறை, பின் 15 வீதம் மும்முறை, இடையிடையே அரை நிமிட ஓய்வு என்பது வழக்கமான கணக்கு.

பட்டை கட்டுவது கையில், நோவதோ அதற்கு மேலுள்ள தோளில். பயன் எவ்வாறு என வாசகர் வினவலாம். கைத்தசைகள் விரைவில் சோர்வதால் தோள்தசைகள் மிகுதியாக உழைக்கின்றன என்பது ஒரு விளக்கம். சில ஆய்வுகளில் தோளும் வலுப்பெற்றது. வேறு சிலவற்றில், பட்டையின்றிச் செய்த பயிற்சியினும் மேலான பயன் காணப்படவில்லை. எனவே சர்வரோக நிவாரணி என இதனை விளம்பரஞ்செய்வோரை நாம் நம்புவதற்கில்லை.

கயிற்றாலோ துணியாலோ கையை இறுக்கி வீட்டில் முயல்வது பேராபத்து. இரத்தம் முற்றும் நிற்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமென ஒவ்வொருவருக்கும் கருவியால் அளந்து, அதில் பாதியளவையொட்டியே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் பட்டையை இறுக்குவார். இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த வரலாறுள்ளோர், இரத்தக் கொதிப்பு அடங்காதோர், கருவுற்ற தாய்மார், மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டோர் ஆகியோர் இதனை நாடலாகாது. பயிற்சியின்போது விரல்கள் மரத்தாலோ வெளிறினாலோ, பட்டையை உடனே தளர்த்துமாறு சொல்லத் தயங்கவேண்டாம்.