ராகி சீசனும் சஃபாரி சீசனும்

டிசம்பர் லீவு நெருங்கினா போதும். நம்ம ஓசூர்ல ஆபீஸ் கேண்டீன், அபார்ட்மெண்ட் வாசல், ஷிப்ட் பஸ்னு எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "சஃபாரி போக எது பெஸ்ட் சீசன்?" பதிலும் ரெடியா இருக்கும். குளுகுளுன்னு போகணும்னா அக்டோபர்ல இருந்து மார்ச். மிருகம் கண்டிப்பா பார்த்தே ஆகணும்னா ஏப்ரல், மே. முடிஞ்சது விஷயம்.

இந்த பதிலோடதான் எனக்குச் சண்டை. தகவல் தப்புன்னு சொல்லலை. ஆனா அது வண்டியில உட்கார்ந்திருக்கிறவனோட கணக்கு மட்டும்தான். காட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு, காட்டோரம் ராகி போட்டவனுக்கு ஒரு கணக்கு இருக்கு. அதையும் கொஞ்சம் பார்ப்போமே.

முதல்ல கோடை. மே மாசம் மிருகம் ஏன் சுலபமா கண்ணுல படுது? நம்மளைப் பார்க்க ஆசைப்பட்டு ஒன்னும் வர்றதில்லை :-) இலை உதிர்ந்து மறைவு போயிடும். காட்டுக்குள்ளே இருக்கிற குட்டைகள் வத்திடும். மிச்சமிருக்கிற தண்ணிக்கு எல்லாமே வந்துதான் ஆகணும். கபினியை எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் நாகரஹொளே, மறு பக்கம் பந்திப்பூர். அணையில தண்ணி இறங்க இறங்க கரையில புது புல் முளைக்கும். அதுக்கும் தண்ணிக்குமா யானைகள் கூட்டம் கூட்டமா வந்து சேரும். பார்க்க கண்கொள்ளாக் காட்சிதான், சந்தேகமே இல்லை. ஆனா நாம "பெஸ்ட்"னு சொல்ற அந்த மாசங்கள் காட்டுக்குப் பஞ்ச மாசங்கள். காட்டுத்தீயும் அந்தக் காய்ச்சல்லதான் வரும். 2019 பிப்ரவரியில பந்திப்பூர்ல ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிஞ்சது ஞாபகம் இருக்கும்.

சரி, குளிர்காலம்? இங்கேதான் நம்ம ஊர் கதை வருது.

கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ்நாட்டோட ராகிக் களஞ்சியம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ஆடி ஆவணி மழையில விதைச்ச ராகி, கார்த்திகை மார்கழியில கதிர் முத்தி நிக்கும். கரெக்டா அந்த நேரத்துக்கு பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைகள் ஜவளகிரி வழியா இறங்கும். அப்புறம் தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவுன்னு ஒரு சுத்து. பேரண்டப்பள்ளி பக்கத்துல பெங்களூர் ஹைவேயையே குறுக்கே கடக்கும். இது வருஷா வருஷம் நடக்குற விஷயம். யானைக்குப் பழைய பாதை. நடுவுல ரோடும் ரியல் எஸ்டேட்டும் கம்பெனிகளும் வந்தது நம்ம காலத்துல.

அந்த ராத்திரிகள்ல என்ன நடக்குது? விவசாயி பரண் மேல உட்கார்ந்து விடிய விடிய காவல் காப்பான். வனத்துறை ஆளுங்க பட்டாசோட காடு மாத்தி காடு விரட்டிக்கிட்டே இருப்பாங்க. ஒரு ராத்திரியில அரை ஏக்கர் போனா அந்த வருஷக் களிக்கே கேள்விக்குறி. இந்தக் கோபத்துல சிலபேர் திருட்டுக் கரண்ட் வேலி போடுறாங்க. 2023 மார்ச்சுல பக்கத்து தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி கிட்ட அப்படி ஒரு வேலியில சிக்கி 3 யானைகள் ஒரே இடத்துல செத்துச்சு. கூட இருந்த ரெண்டு குட்டிகள் மட்டும் தப்பிச்சுது.

இப்போ நம்ம ஆளுங்களைப் பாருங்க. பேரண்டப்பள்ளியில யானைன்னு வாட்ஸப்ல வந்தா, பைக்கை எடுத்துக்கிட்டு ஓடிப்போய் செல்போனைத் தூக்கிப் பிடிச்சு கூச்சல் போடுறது. "இதுங்களை எல்லாம் எங்கயாச்சும் கொண்டுபோய் விடுங்க சார்"னு அலுத்துக்கிறது. அடுத்த வாரமே குடும்பத்தோட 200 கிலோமீட்டருக்கு மேல காரோட்டிப் போய், ஆயிரக்கணக்குல காசு கட்டி, ஜீப்புல உட்கார்ந்து "வாவ்... எலிஃபண்ட்!" கபினியில இருந்தா அதிசயம், சானமாவுல இருந்தா அட்டூழியமா? என்னங்க நியாயம் இது?

அந்தக் கூச்சல் வெறும் அநாகரிகம் மட்டும் இல்லை, ஆபத்து. விரட்டப்படுற கூட்டத்துல குட்டிங்க இருக்கும். மிரண்ட தாய் யானை எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. அது திரும்புற பக்கம் வேடிக்கை பார்க்கப் போன நாம இருக்க மாட்டோம், பைக் இருக்கு. காலையில பால் கறக்கப் போற அம்மா இருப்பாங்க.

கர்நாடகாவுலயும் இதே கதைதான். 2025-ல மைசூர் மாவட்டம் சரகூர் பக்கம் புலி தாக்கி விவசாயிகள் அடுத்தடுத்து செத்தாங்க. அந்த நவம்பர்ல நாகரஹொளே, பந்திப்பூர் சஃபாரியையே அரசு நிறுத்தி, ஊழியர்களைப் புலி நடமாட்டத்தைக் கவனிக்கிற வேலைக்கு அனுப்பிச்சுது. நவம்பர்! எல்லா டிராவல் பட்டியல்லயும் "பெஸ்ட் சீசன்"னு போட்டிருக்கிற மாசம். சஃபாரி வண்டிங்களோட தொந்தரவாலதான் புலி வெளியே வருதுன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. அது சரியா தப்பான்னு தனியா விவாதிக்கலாம். ஆனா வயல்ல ஆள் சாகுற மாசத்தை நாம சீசன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்ங்கிறது உண்மைதானே?

"காசு கொடுத்துப் போறோம், மிருகம் பார்க்க வேணாமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். மிருகம் உறுதியா வேணும்னா பன்னேர்கட்டா பூங்காவுக்கே போங்க. அங்கே வேலிக்குள்ளே சிங்கமும் புலியும் வருஷம் முழுக்க இருக்கு, சீசனே கிடையாது. குழந்தைங்களுக்குச் சந்தோஷம். ஆனா காட்டுக்குப் போறேன்னு சொன்னா, காடு என்ன காட்டுதோ அதைத்தான் பார்க்கணும். "புலி காட்டலைன்னா டிப்ஸ் இல்லை"ன்னு நாம முகத்தைத் தூக்குறதாலதான் டிரைவர் போனைப் போட்டு, ஒரே புலிக்கு எட்டு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துறார்.

என் கட்சி இதுதான். காட்டுக்குப் போக நல்ல நேரம் மழைக்காலமும் அதை ஒட்டின மாசங்களும். ஜூலையில இருந்து அக்டோபர் தொடக்கம் வரை வெச்சுக்கோங்க. மத்திய இந்தியாவுல ஜூலை முதல் செப்டம்பர் வரை புலிகள் காப்பகங்களோட மையப்பகுதியை மூடிடுவாங்க. நம்ம தெற்குல அப்படி ஒட்டுமொத்தமா மூடுறதில்லை. அட்டை கடிக்கும், சேறு ஒட்டும், யானை காடு முழுக்கப் பரவிப் போயிருக்கும், புலி அநேகமா கிடைக்காது. ஆனா தண்ணியும் தீனியும் உள்ளேயே இருக்கிற நேரம். கூட்டமும் குறைவு.

இன்னொன்னு. நம்ம காலடியிலயே ரெண்டு சரணாலயம் இருக்கு. காவிரி வடக்கு, 2014-ல அறிவிச்சது, 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு, 2022-ல, 686 சதுர கிலோமீட்டர். நரை அணில், நீர்நாய், முதலை எல்லாம் அங்கே உண்டு. ஓசூர்ல எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? கேட்டுப் பாருங்க, கபினி ரிசார்ட் ரேட் வரிசையா சொல்வாங்க.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நாம செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னுதான். ராத்திரி பேரண்டப்பள்ளி, சானமாவு தாண்டும்போது வண்டியை மெதுவா ஓட்டுங்க, நிறுத்தாதீங்க, ஹாரன் அடிக்காதீங்க, யானை கடக்கட்டும். டிக்கெட் இல்லாத சஃபாரி இது. இதுல நாம பார்வையாளர் இல்லை, குறுக்கே நிக்கிறவங்க.

டிஸ்கி: "அப்போ டிசம்பர் லீவுல எங்கேதான் போறது?"ன்னு கேட்கிறவங்களுக்கு: ஹொகேனக்கல் போங்க, மீன் வறுவல் சூப்பரா இருக்கும். மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம் :-)