கவினுக்கான நீதி தூக்குக் கயிறா?

2025 ஜூலை 27. பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கவினுக்கு இருபத்தேழு வயது. சென்னையில் மென்பொருள் வேலை. தாத்தாவைச் சித்த மருத்துவம் பார்க்க அழைத்து வந்த இடத்தில் கொன்றுவிட்டார்கள். கைதான இளைஞரின் தாய், தந்தை இருவரும் காவல் உதவி ஆய்வாளர்கள் என்ற செய்தி வந்தபோது அம்மாவின் கை நின்றது.

"ஏல, போலீஸ் வீட்டுப் புள்ளயாம்லா. இவன தூக்குல போடாம வேற யாரப் போடப் போறானுவ? நீ என்னத்தையோ எழுதுதேங்கியே, இத எழுது."

என்னால் எழுத முடியவில்லை. அம்மாவுக்குப் பதில் சொல்லவும் அன்று முடியவில்லை.

2011இல் நான் கல்லூரியில் முதலாமாண்டு. பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் தூக்கை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாடே தெருவில் நின்றது. காஞ்சிபுரத்தில் செங்கொடி தன்னை எரித்துக்கொண்டார். மரண தண்டனையே வேண்டாம் என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். ஆறே ஆண்டுகள். 2017 டிசம்பர் 12 அன்று உடுமலை சங்கர் கொலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது விடுதி அறையில் இனிப்பு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அந்த ஆறு பேரில் ஒருவர் கௌசல்யாவின் தந்தை.

2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. சதி நிரூபிக்கப்படவில்லை என்றது. தாயும் தாய்மாமனும் திருப்பூரிலேயே விடுவிக்கப்பட்டிருந்தார்கள். ஆக, குடும்பம் முழுவதும் வெளியே. கூலிக்கு வெட்டியதாகச் சொல்லப்பட்டவர்கள் உள்ளே. நாங்கள் எத்தனை கழுத்துக்குக் கயிறு என்று எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர, சதிக்கு என்ன சாட்சியம் இருக்கிறது, மேல்முறையீட்டில் அது நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தீர்ப்பு நாளோடு எங்கள் வேலை முடிந்துபோனது. தூக்கு என்ற சொல்லுக்கு அப்படி ஒரு போதை இருக்கிறது.

சரி, அந்தக் கயிற்றுக்கு ஆளைப் பிடித்துக் கொடுப்பது யார்? எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் நாடே பேசியது: அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஓர் உதவிக் காவல் கண்காணிப்பாளர் மீது புகார். அந்தப் புகார்களில் எங்கள் விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையத்தின் பெயரும் வந்தது. அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதாவை விசாரிக்கச் சொன்னது. பிறகு வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. காவல் நிலையத்தின் மூடிய அறையில் பிறக்கும் 'உண்மை'யை நம்பித்தான் ஓர் உயிரை எடுக்க வேண்டுமா?

இன்னும் கொடுமையானது கண்ணகி-முருகேசன் வழக்கு. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே இருவரையும் நஞ்சு ஊட்டிக் கொன்று எரித்தார்கள். கண்ணகி வன்னியர், முருகேசன் தலித். உள்ளூர்க் காவல்துறை முதலில் வழக்கே பதியவில்லை. பதிந்தபோது என்ன செய்தது தெரியுமா? முருகேசன் தரப்புத் தலித்துகளையும் கொலைக் குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், பதினெட்டு ஆண்டுகள் இழுத்து, 2021இல் கடலூர் நீதிமன்றத்தில் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் பன்னிரண்டு பேருக்கு ஆயுளும் கிடைத்தன. இரண்டு காவல் அதிகாரிகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது; 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காவல்துறை எழுதிய அந்த முதல் கதையே கடைசிவரை நின்றிருந்தால்? மகனைப் பறிகொடுத்த தரப்பின் கழுத்தையே கயிறு தேடி வந்திருக்கும்.

இது என் கற்பனை பயம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(i) பிரிவை எடுத்துப் பாருங்கள். பொய்ச் சாட்சி சொல்லி, அதனால் குற்றமற்ற ஒரு தலித்தோ பழங்குடியினரோ தூக்கிலிடப்பட்டால், பொய்ச் சாட்சி சொன்னவருக்கு மரண தண்டனை என்கிறது அது. நம்மைப் பாதுகாக்க வந்த சட்டமே, நம்மில் குற்றமற்ற ஒருவர் தூக்கில் தொங்கக்கூடும் என்று எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பீகாரைப் பாருங்கள். 1992இல் பாராவில் பூமிகார்கள் கொல்லப்பட்ட வழக்கில் நால்வரின் தூக்கை 2002இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நால்வரில் பெரும்பாலோர் தலித்துகள். 2017இல் குடியரசுத் தலைவர் தண்டனையைக் குறைக்கும்வரை கயிற்றின் நிழலிலேயே கிடந்தார்கள். 1997இல் இலட்சுமண்பூர் பாதேயில் ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. 16 பேருக்குக் கீழமை நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: தூக்குக் கொட்டடியில் இருப்பவர்களில் நால்வரில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அம்பேத்கர் 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில் மரண தண்டனையையே ஒழித்துவிடலாம் என்று பேசியதை நாம் ஏனோ அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

தோழர்கள் உடனே மேலவளவைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோரைக் கொன்ற வழக்கில் ஆயுள் பெற்ற 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. ஆயுள் தண்டனை என்றால் இவ்வளவுதானா என்ற கசப்பு எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கதவைத் திறந்தது அரசாணை. அரசாணையை எதிர்த்து நிற்க வேண்டிய இடத்தில் நாம் கயிற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். அரசுச் சிறப்பு வழக்கறிஞர் ப.பா. மோகன் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை வைத்துப் போராடினார். 2022 மார்ச்சில் யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. தூக்கு இல்லை. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றத்திலும் அது அப்படியே நின்றது. அந்தத் தீர்ப்புக்கு நான் இனிப்பு வாங்கவில்லை என்பது இப்போது உறைக்கிறது.

கவின் வழக்கில் அந்த உதவி ஆய்வாளர் தந்தையும் கைதாகியிருக்கிறார். சதி இருந்ததா, யாருக்கெல்லாம் தெரியும் என்பதை சி.பி.சி.ஐ.டி. விசாரணை சொல்ல வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும். கவின் குடும்பம் நம்பும் ஒருவர் அரசு வழக்கறிஞராக வர வேண்டும். தண்டனைக் குறைப்பு இல்லாத சிறையைக் கேட்க வேண்டும். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் அக்டோபரில் அறிவித்தார். அந்த ஆணையத்திடமும் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பீடிக்கு நூல் சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ சாவுறவரைக்கும் உள்ளயேதான் கெடப்பானா? நடுவுல எவனும் வந்து தொறந்துவிட மாட்டானே?"

"தொறந்துவிடாம நாமதான் பாத்துக்கிடணும்மா."

"அப்போ அத எழுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான்னா தூக்குலதான் போடுவேன், ஆமா" என்றபடி அடுத்த இலையை எடுத்தார்.