யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள்?

"பாவம், எல்லாத்துக்கும் அடுத்தவங்களை நம்பி இருக்கணும்." பார்வையற்ற தலித் மாணவனான நான் கல்லூரியில் அதிகம் கேட்ட வாக்கியம் இது. எனக்காகத் தேர்வெழுத ஆள் கிடைக்குமா என்பது முந்தைய இரவு வரை தெரியாது. வருவதாகச் சொன்னவர் என் ஊரையும் தெருவையும் விசாரித்த பிறகு வராமல் போனதுண்டு.

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபோது நண்பர் ஒருவர் என் மடிக்கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவித் தந்தார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அன்றிரவு அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலை, யாருடைய நேரத்தையும் கடன் வாங்காமல், பிடித்த பத்தியை நான்கு முறை திருப்பிக் கேட்டேன். அடுத்த கருத்தரங்கில் முதன்முறையாக எழுந்து எதிர்க்கேள்வி கேட்டேன். 'உன்னால் முடியும்' என்ற உபதேசத்தால் அந்தத் துணிவு வரவில்லை. கையில் கருவி இருந்ததால் வந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடங்களோடு, தேவைக்கேற்ற வசதிகளையும் கல்வி நிறுவனத்தின் கடமையாக்குகிறது. கடமையைக் கருணையாக மாற்றிவிட்டால் பெறுபவர் தலைகுனிய வேண்டியிருக்கும். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல.

தன் வீட்டுக் கழிப்பறையைக்கூடக் கழுவாதவரை யாரும் 'சார்ந்து வாழ்பவர்' என்பதில்லை. எல்லோரும் சார்ந்தே வாழ்கிறோம். ஒருவரின் சார்பை உரிமையாகவும் இன்னொருவரின் சார்பைப் பிச்சையாகவும் பார்ப்பதுதான் சாதியப் புத்தி.

தோழர்களே, நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இயக்க அறிக்கைகளைப் படங்களாகப் பகிராமல், ஒருங்குறி எழுத்தில் வெளியிடுங்கள். படத்திலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் பல நேரங்களில் சரியாகப் படிக்காது. உங்களோடு விவாதிக்க, முதலில் நான் படிக்க வேண்டும்.