வழி வேறானால் உறவும் வேறோ?

கோயிலுக்கு ஒரு வழியும் தேவாலயத்துக்கு ஒரு வழியுமாகப் பிரியும் சந்திகள் நமது குடாநாட்டில் பல உள. அச்சந்தியில் ஒரு குடும்பமும் பிரிந்து நிற்க நேர்ந்தால் என் செய்வது? சென்ற ஆண்டு எமது மாணாக்கன் ஒருவனின் தந்தையார் எம்மைத் தேடி வந்து கேட்ட வினா இதுவே.

அவருடையது மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். நீண்ட காலம் சிந்தித்த பின்னர், கணவனும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் ஒருமித்துத் தம் சபையை விட்டு நீங்கிச் சைவராயினர். நால்வரும் ஒரே மனத்தினராகையால் அவர்களுக்குள் பிணக்கு இல்லை. ஆனால் அவ்வீட்டிலேயே இருந்த அவருடைய முதிய தாயார் சபையில் நிலைத்து நின்றார். கண் மங்கிய அவ்வாச்சிக்கு மாலைதோறும் வேதாகமம் வாசித்து வந்தவன் மூத்த பேரன். “இனியும் அவன் வாசிக்கலாமா? வாசித்தால் வேஷமாகாதா? நிறுத்தினால் ஆச்சியின் மனம் என்ன பாடுபடும்?” என்று தந்தையார் கலங்கினார்.

இத்தகைய வீடுகள் யாழ்ப்பாணத்துக்குப் புதியன அல்ல. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் வந்து அமர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. ஒரே முற்றத்தில் வேதக்காரரும் சைவரும் வாழும் நிலை அக்காலந்தொட்டே உண்டு. சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து அச்செமினரியிற் கற்றவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பின்னர் அவர் சைவத்துக்கு மீண்டார். மீண்டவர் 1881இல் பதிப்பித்ததோ பௌத்தர் இயற்றிய வீரசோழியம். அவருடைய மைந்தர் அழகசுந்தரம் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயருடன் போதகரானார். அப்போதகரே பிலிப்ஸ் என்பவருடன் சேர்ந்து சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். விட்டு வந்ததை வெறுத்தே தீரவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கடல் கடந்த நாட்டிலும் இவ்விடர் உண்டு. அமெரிக்காவில் 1830இல் யோசேப் சிமித் நிறுவிய மோர்மன் சபையில், ஆலயத்தினுள் நிகழும் விவாகத்தை அனுமதி பெற்ற அங்கத்தவர் மாத்திரமே காணலாம். சபையை விட்டு நீங்கிய பெற்றோர் தம் மகளின் மணநாளில் வெளியே காத்திருப்பர். யாவரும் காணும்படி வெளியில் முதலில் மணஞ்செய்து கொண்டால், ஆலயச் சடங்குக்கு ஓராண்டு பொறுக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் விதி. 2019இல் அச்சபை அவ்விதியை நீக்கியது. கோட்பாட்டை விடாமலே, உறவினர் கூடி மகிழ இடம் தந்தது. ஒரு பெருஞ்சபைக்கு இயன்றது ஒரு வீட்டுக்கு இயலாதோ?

ஆகவே நாம் கூறிய விடை இது: “மகன் முதலில் ஆச்சியிடம் உண்மையைச் சொல்லட்டும், பின்னர் வாசிக்கட்டும். மறைத்து வாசித்தால் வேஷம்; சொல்லிவிட்டு வாசித்தால் தொண்டு.”

பையன் அவ்வாறே செய்தான். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. அன்று வாசிக்கவும் விடவில்லை. நான்காம் நாள் மாலை அவரே, “தம்பி, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. நீ நம்பாவிட்டால் என்ன, நான் நம்புகிறேன், வாசி” என்று அழைத்தாராம்.

இங்கு நம்மவரையும் ஒரு சொல் கண்டிக்க வேண்டியுளது. அவ்வீட்டுக்கு வந்த சைவ உறவினர் சிலர், “ஒருவழியாக வழிக்கு வந்தீர்கள்” என்று ஆச்சியின் காதில் விழும்படி ஆரவாரித்தனர். பிறர் வீட்டு வேதனையை நமது வெற்றிக் கொடியாக்குதல் சைவமன்று. மறுபுறத்தில், சபையார் சிலர் வீதியிற் கண்டும் காணாதவர்போற் போயினர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். இருவருமே அந்நால்வரை மனிதராகக் காணாது எண்ணிக்கையாகவே கண்டனர்.

ஆச்சி இவ்வாண்டு தையிற் காலமானார். அவர் விரும்பியபடி தேவாலயத்திலேயே ஆராதனை நிகழ்ந்தது. நாமும் போயிருந்தோம். குடும்பத்தார் முன்வரிசையில் இருந்தனர், பிறர் எழுந்தபோது எழுந்தனர், பாடவில்லை. தந்தையும் மகனும் பெட்டியைத் தோளிற் சுமந்தனர். செத்தவீட்டுக்கு அன்றிரவு தேநீரும் சாப்பாடும் கொண்டுவந்தவர்கள், வீதியில் முகந் திருப்பிச் சென்ற அச்சபையாரே.

மாணவர்காள், நம்பிக்கையை ஆராய்வதும், வேண்டின் மாற்றுவதும் உங்கள் உரிமை. ஆயின் மாறிய மறுநாளும் ஆச்சிக்குக் கண் தெரியாது என்பதை மறவாதீர்கள்.